மாரென் நிறுத்திய இடம்

ஐந்து வாரங்களாக மாரென் ஒரே இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல மனநல ஆலோசகர் போடில் எழுதிக்கொள்வார். சுரங்கச் சாலைக்குள் நுழைந்தது, வானொலியில் பாட்டு ஓடியது, முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தது, கார் நின்றது எல்லாம் தடையில்லாமல் வரும். பிறகு, "அப்பா இங்கயே இருன்னு சொல்லிட்டு இறங்கினாரு. அப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல" என்பாள். அதற்கடுத்த வரியில் அவள் விதாஸ் என்கிற லித்துவேனியக்காரரின் வேனுக்குள் இருப்பாள். அவருடைய சட்டை அவள் மூக்கைச் சுற்றிக் கட்டியிருக்கும். வேன் வெளிச்சத்துக்குள் வந்துவிடும்.

குழந்தைகள் மனநல நிலையம் துறைமுகத்துக்கு மேலே பழைய அஞ்சலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளைக்கு அரை மணி, பெற்றவருக்கு அரை மணி. பிள்ளை கற்றுக்கொள்வதையெல்லாம் பெற்றவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போடில் முதல் நாளே சொல்லிவிட்டார். மூச்சை மெல்ல விடுவது, பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் போடுவது, கடைசியில் நடந்ததைப் புத்தகமாக எழுதுவது. எழுதி முடித்ததும் பிள்ளை அதைப் பெற்றவர் முன்னால் வாசிக்கும். அதுதான் சிகிச்சையின் முதுகெலும்பு என்றார். மாரெனின் அப்பா தோர்கெல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது வயது மாரென் பதினோரு மாதமாகக் காலணியோடுதான் படுக்கிறாள். குளியலறை மின்விசிறி ஓடினால் உள்ளே போகமாட்டாள். சுரங்கம் என்ற பேச்சே ஆகாது. அவர்கள் ஊரோ தீவு. கடலுக்கடியில் போகும் ஏழு கிலோமீட்டர் சுரங்கம்தான் கரைக்குப் பாதை. அதில் போனால் முப்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய நிலையத்துக்கு, தீவின் மறுகோடி வரை பேருந்து, அங்கிருந்து படகு, மறுபடி பேருந்து என்று இரண்டு மணி நேரம் பயணம் செய்தார்கள்.

சென்ற மார்ச்சில் நீச்சல் போட்டி முடிந்து மகளோடு திரும்பும்போது அந்தச் சுரங்கத்தில் ஒரு லாரி தீப்பிடித்தது. அதற்குப் பின்னால் நின்ற நான்காவது கார் தோர்கெலுடையது. உதவி கேட்கச் சுவரிலுள்ள அவசரத் தொலைபேசியைத் தேடிப் போனதாகவும், அதற்குள் புகை மூடிவிட்டதாகவும், திரும்பி வந்தபோது காரில் மகள் இல்லை என்றும், தரையோடு தரையாகத் தவழ்ந்து அவளைத் தேடியதாகவும் அவன் காவல்துறையிடம் சொன்னான். தீயணைப்புக்காரர்கள் அவனை நினைவில்லாமல்தான் தூக்கி வந்தார்கள். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தான். உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் அவன் படத்தைப் போட்டது. கப்பல் பட்டறையில் அவனோடு வேலை பார்க்கும் வெல்டர்கள் கேக் வெட்டினார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவனை விட்டுப் பிரிந்த மாரெனின் அம்மா சிக்ருன்கூட, உன்னைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று மருத்துவமனைக் கட்டிலருகே சொன்னாள்.

தவழ்ந்து தேடியது உண்மை. தொலைபேசி பொய்.

என்ன ஆயிற்று பார்க்கலாம் என்றுதான் அவன் இறங்கினான். லாரியின் டயர் ஒன்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் அவன் திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கினான். தன் காரைத் தாண்டியே ஓடினான். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மாரென் அவனைப் பார்த்தாள், அவனும் அவளைப் பார்த்தான், கால்கள் நிற்கவில்லை. வெளிச்சம் போட்ட முதல் தொலைபேசிப் பெட்டியைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். அதற்கப்புறம்தான் தான் யார் என்பதே அவனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பினான். அதற்குள் வரிசையின் பின்கோடியில் நின்ற வேனிலிருந்து விதாஸ் இறங்கிப் போய் மாரெனைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவரோரமாக வேனுக்குத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். அப்பாவும் மகளும் ஒரே புகைக்குள் எதிரெதிரே கடந்துபோனார்கள்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாரெனும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அவனுக்கான அரை மணியில், போடில் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பேசினார். ஐம்பது வயதைத் தாண்டிய, குரல் உயர்த்தாத பெண்மணி. கதை நிற்கும் இடத்தைச் சொல்லி, அப்போது காரில் என்ன நடந்தது என்று அவனிடம் கேட்டார். அவன் தொலைபேசிக் கதையை மறுபடி சொன்னான். பதினோரு மாதத்தில் அது தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. போடில் மறுத்துப் பேசவில்லை.

"போன வாரம் மாரென் என்கிட்ட ஒண்ணு கேட்டா," என்றார். "இதுல எழுதுறதெல்லாம் அம்மாவுக்கும் அனுப்புவீங்களான்னு."

தோர்கெல் மூடிக்கிடந்த குறிப்பேட்டைப் பார்த்தான்.

"அனுப்பமாட்டேன், ஆனா அம்மா ஒருநாள் வந்து கேப்பாங்கன்னு சொன்னேன். உடனே எனக்கு ஞாபகம் இல்லைன்னுட்டா. நான் அப்ப ஒண்ணுமே கேக்கல. அவளாவே சொன்னா."

அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் இருவர் முன்பும் வாசிப்பதாக ஏற்பாடு. தேதியைத் தள்ளிப்போட வேண்டுமா என்று போடில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தான்.

திரும்பும் படகில் வாஃபிள் அப்பம் வாங்கினார்கள். மாரென் பழுப்புப் பாலாடைக்கட்டியை அதன்மேல் வைத்து மடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் யாரோ பல்லி கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளிடம் இப்போதே பேசிவிடலாம் என்று அவன் நினைத்தான். அடுத்த வாய் சாப்பிட்டதும், அந்தக் கலங்கரை விளக்கம் தாண்டியதும் என்று தள்ளிக்கொண்டே போனான்.

அப்போது அபாய மணி அடித்தது. மாதாந்திர ஒத்திகை என்று ஒலிபெருக்கியில் முன்னதாகவே சொல்லியிருக்கிறார்கள். காபி இயந்திரத்தின் சத்தத்தில் இருவருக்கும் காதில் விழவில்லை. மாரெனின் முகம் வெளுத்துவிட்டது. வாஃபிளைத் தட்டில் வைத்தாள். கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"நீ ஓடிடுப்பா," என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. குடையை எடுத்துக்கோ என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் இங்கயே இருக்கேன். யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்க."

மணி நின்றது. பணியாளர் ஒருவர் வந்து ஒத்திகைதான் என்று மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன் என்றான் தோர்கெல். சரி என்றாள் மாரென். கரை வரும்வரை அவள் கண் கதவை விட்டு நகரவில்லை. வாஃபிளை அதற்குப் பிறகு தொடவும் இல்லை.

மறுநாள் காலை பட்டறையில் உடை மாற்றும் அறையிலிருந்து அவன் போடிலுக்குப் போன் செய்தான். தனியாக வரவேண்டும் என்றான். வியாழக்கிழமை வரச் சொன்னார். அன்று அவன் சுரங்கம் வழியாகவே ஓட்டிப்போனான். வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. உட்கார்ந்ததும், மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் சொன்னான். முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த முகம்.

போடில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவ உங்களப் பாத்தான்னு எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்போ ஒன்பது வயசுப் பிள்ளை பதினோரு மாசமா உங்களுக்குக் காவல் காத்துட்டிருக்கா, தோர்கெல்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். குழந்தைகள் நலத் துறைக்கு எழுதுவீர்களா என்று கேட்டான். பயந்து ஓடியது குற்றமில்லை, அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை என்றார் போடில். ஆனால் பிள்ளை இதைச் சுமந்துகொண்டே இருந்தால் சிகிச்சை என்று சொல்லிக்கொண்டு நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்றும் சொன்னார். முதலில் சிக்ருனிடம் சொல்ல வேண்டும். அதையும் அவனேதான் சொல்ல வேண்டும். பிறகு மாரெனிடம். அதற்கு அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள். மூன்றே வாக்கியம் போதும் என்றார் போடில். தோர்கெல் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கடைசியில், ஆனா நான் திரும்பி வந்தேன், என்று சேர்த்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் போடில் அவனை நிறுத்தினார். அதை அவள் சொல்லட்டும், அவளுக்குச் சொல்லத் தோன்றினால், என்றார்.

"இன்னொண்ணு. மன்னிச்சிடுன்னு கேக்காதீங்க. நீங்க கேட்டா அவ மன்னிச்சே ஆகணும். அந்த வயசுக்கு அது ரொம்பப் பெரிய வேலை."

அன்று மாலையே அவன் சிக்ருன் வீட்டுக்குப் போனான். மாரென் நீச்சலுக்குப் போயிருந்தாள். சிக்ருன் முதியோர் இல்லத்தில் செவிலி. வேலை முடிந்து வந்து, மறுநாள் மதியத்துக்கு ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தப் பத்திரிகைப் படம் காந்தத்தில் ஒட்டியிருந்தது. மாரெனுக்காக அவள் ஒட்டி வைத்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பெட்டி?"

"ரெண்டு."

"நூற்றிருபத்தஞ்சு மீட்டருக்கு ஒண்ணு," என்றாள் அவள். தீவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. "அப்போ இருநூத்தம்பது மீட்டர் ஓடியிருக்க. குறைஞ்சது."

அவன் ஆமாம் என்றான்.

"நான் உன்ன ஊரெல்லாம் தூக்கி வெச்சுப் பேசியிருக்கேன். என் அம்மாகிட்ட உனக்காகச் சண்டை போட்டிருக்கேன். பிள்ளையப் பாத்துட்டே ஓடினியா? பாத்துட்டேவா?"

அதற்கும் ஆமாம் என்றான். அவள் அழவில்லை. இந்த வாரக் கடைசி மாரென் உன் வீட்டுக்கு வரமாட்டாள், அடுத்த வாரத்தைப் பற்றி எனக்கே தெரியாது என்றாள். செவ்வாய்க்கிழமை நிலையத்துக்கு வருவாயா என்று அவன் கேட்டான். அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகு, சமையலறை ஜன்னல் வழியே பத்திரிகைப் படத்துக்கு எதிரே அவள் அசையாமல் நிற்பது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சந்திப்பு. தோர்கெல் ஒன்பதரைக்கே வந்துவிட்டான். சிக்ருனிடமிருந்து நான்கு நாளாக ஒரு செய்தியும் இல்லை. பத்து அடித்தது. போடில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார். பத்து ஐந்துக்குப் படகிலிருந்து வரும் பேருந்து கீழே நின்று கிளம்பியது. யாரும் மேலே வரவில்லை. வழக்கறிஞரிடம் போயிருப்பாள் என்று நினைத்தான். போனால் தப்பில்லை என்றும் நினைத்தான். பத்து பன்னிரண்டுக்கு மாடிப்படியில் இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம் கேட்டது. மாரெனுக்குப் பேருந்தில் குமட்டியதால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி மழையில் நடந்து வந்திருக்கிறார்கள். இருவரும் நனைந்திருந்தார்கள். சிக்ருன் அவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சிக்ருன் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். மாரென் போடிலுக்குப் பக்கத்தில், ஈர முடி நெற்றியில் ஒட்டியிருக்க, மடியில் தன் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசிப்பதற்கு முன் அப்பா ஒன்று சொல்லவேண்டும் என்கிறார் என்று போடில் சொன்னார்.

தோர்கெல் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியங்களில் முதலாவது நினைவில் இல்லை. இரண்டாவதிலிருந்து தொடங்கினான்.

"டயர் வெடிச்சப்ப எனக்குப் பயம் வந்து உன்ன விட்டுட்டு ஓடிட்டேன், மாரென், போன் பண்ணப் போகல. நீ பாத்தத நீ எழுதலாம், யார்கிட்ட வேணாலும் சொல்லலாம்."

மாரென் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"நான் சொல்லல," என்றாள். "அவரேதான் சொன்னாரு. அம்மா, நான் சொல்லவே இல்ல."

போன வாரக் கடைசியில் அப்பா வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று மாரென் கேட்டபோது, அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று சிக்ருன் சொல்லியிருந்தாள். பிள்ளை அதை நம்பவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போடில் அவளை அவசரப்படுத்தவில்லை. சிக்ருன் எழுந்து, நாற்காலியை இழுத்து, மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொல்லியிருந்தாலும் சரிதான்டா. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. அப்பா மேல கோவம் இருக்கு. அது பெரியவங்க சமாச்சாரம், நாங்க பாத்துக்கறோம். அதுக்கு நீ காவல் இருக்க வேண்டாம்."

"என்னை அங்க அனுப்பவே மாட்டியா?"

"அனுப்புவேன். எப்பன்னு எனக்கு இன்னும் தெரியல. அனுப்புவேன்."

மாரென் நீளமாக மூச்சு விட்டாள். போடில் பேனாவை எடுத்தார். ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே எழுத இடம் இருக்கிறது, வேண்டுமென்றால் எழுதலாம் என்றார். மாரென் பேசத் தொடங்கினாள். படம் பார்த்துக்கொண்டு சொல்வதுபோல ஒரே தொனியில் சொன்னாள். டமால் என்று கேட்டது. அப்பா ஓடி வந்தார், கதவைத் திறப்பார் என்று நினைத்து நான் பெல்ட்டைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். திறக்காமல் போய்விட்டார். பின் கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே போனார். பச்சை வெளிச்சம் போட்ட பெட்டியைத் தாண்டினார். அப்புறம் புகை வந்தது.

போடில் எழுதி முடித்துவிட்டு, அப்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டார்.

மாரென் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறினாள்.

"நான் கார்ல சொன்னதுனாலதான்னு."

தீப்பிடித்த அன்று காலை நீச்சல் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். திரும்பும் வழியில், தொடக்கத்தில் நீ தாமதித்துவிட்டாய் என்று தோர்கெல் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தான். அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எனக்கு உன் வீடே வேண்டாம், நான் அம்மாவோடேயே இருந்துவிடுகிறேன் என்று கத்தினாள். சுரங்கத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால்தான். தோர்கெல் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தான். அவனைப் பொறுத்தவரை வாரத்துக்கு ஒருமுறை நடக்கிற சண்டை அது.

"அதான் சரி, அம்மாகிட்டயே இருந்துக்கன்னு நீ போயிட்டேன்னு நினைச்சேன்," என்றாள் மாரென். இப்போதுதான் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

அழுதால் அவள் தன்னைத் தேற்ற வருவாள் என்று போடில் எச்சரித்திருந்தார். அவன் நாற்காலியின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இல்ல. நீ சொன்னது எனக்கு ஞாபகம்கூட இல்ல. ஓடுறப்ப என் தலையில எதுவுமே இல்ல. வெறும் பயம்தான்."

"எத்தனை?"

"பத்து."

அவள் யோசித்தாள். பெரியவர்களுக்கும் பத்து வருமா என்று போடிலைக் கேட்டாள். வரும் என்றார் போடில். சிலருக்குப் பத்து வரும்போது கால் ஓடும், சிலருக்கு உடம்பு கல்லாகிவிடும், அந்த நிமிடத்தில் யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்றார். நான் கல்லாகிவிட்டேன் என்றாள் மாரென். விதாஸ் கதவைத் திறந்தபோதுகூட என்னால் காலை எடுக்க முடியவில்லை, அவர்தான் தூக்கினார். அதையும் எழுதச் சொன்னாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தானே வாசித்தாள். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. அப்பா திரும்பி வந்து தேடியதாக ஒரு வரி சேர்க்க வேண்டுமா என்று போடில் கேட்டார். வேண்டாம், அதை நான் பார்க்கவில்லை என்றாள் மாரென். தோர்கெல் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாம் சீராகிவிடவில்லை. தோர்கெல் காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தான். எழுதிக்கொண்ட இளம் காவலர் முகத்தில் எதையும் காட்டவில்லை. பட்டறையிலும் அவனே சொன்னான். கேக் வெட்டியவர்களில் இருவர் இன்னும் அவனோடு மதியம் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மூன்று மாதம் அவன் மகளை சிக்ருன் வீட்டு முற்றத்திலும் நீச்சல் குளத்திலும்தான் பார்த்தான். ஜூனில் ஒருநாள், குளத்தின் பார்வையாளர் வரிசையில், இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த சிக்ருன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நான் ஓட்டிட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. நான் ஓடியிருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணத்தான் பாக்குறேன். முடியல. அதுக்கும் சேத்துத்தான் உன் மேல கோவம்."

வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போ, ஞாயிறு மதியம் கொண்டுவந்து விடு என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

மாரென் இப்போது வெறுங்காலோடு படுக்கிறாள். ஊருக்குள் இருக்கிற நானூறு மீட்டர் சுரங்கத்தைப் போடில் உடன் நடக்க மூன்று முறை நடந்து கடந்துவிட்டாள். நான்காம் முறை காரில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கடலுக்கடியில் இருப்பதை இன்னும் தொடவில்லை. இலையுதிர் காலத்தில் பார்க்கலாம் என்கிறாள்.

கடைசிச் செவ்வாய்க்கிழமையன்று புத்தகம் யாரிடம் இருக்க வேண்டும் என்று போடில் கேட்டார். பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். மாரென் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு வீட்லயும் வேண்டாம். இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

போடில் அதை அலமாரியில் மற்றப் பிள்ளைகளின் கோப்புகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மாரென் ஒருமுறை கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பிறகு மூவரும் படகைப் பிடிக்க இறங்கிப் போனார்கள். மேல்தளத்தில் அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் உட்கார, மாரென் நடுவில் உட்காராமல் கைப்பிடிக் கம்பியோரம் போய் நின்றுகொண்டு கடலைப் பார்த்தாள்.